அடிபட்ட பொம்மையும் அடித்த கையும்

வன்முறை மிக்க வீடியோ விளையாட்டுகள் பாலரைக் கெடுக்கின்றன என்னும் கூற்று ஐயத்துக்கிடமற்ற உண்மைபோல வழங்கிவருகின்றது. அதன் அடிப்படையை ஆராய்தல் அவசியமாகும்.

இத்தகைய கூற்றுகளுக்கு ஆதாரமாக அடிக்கடி எடுத்தாளப்படுவது, 1961இல் அல்பேட் பண்டுராவும் சகாக்களும் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய பரிசோதனையாகும். வளர்ந்தவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிக்கக் கண்ட பாலர், பின்னர் தாமும் அவ்வாறே அடித்தனர். 1963இல் அக்காட்சியைத் திரைப்படமாகக் கண்டவர்களும் அதனையே செய்தனர். கண்டதைச் செய்வது பாலர் இயல்பு என்பது இதனாற் பெறப்படும். ஆயின், அப்பொம்மை அடிபட்டு வீழ்ந்து மீண்டும் எழுவதற்கென்றே அமைந்தது. அதனை அடித்த பிள்ளை தன் தோழனையும் அடிக்கும் என்பதற்கு அப்பரிசோதனை சான்றாகாது.

அமெரிக்க உளவியற் சங்கம், வன்முறை விளையாட்டுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்புண்டென 2015இல் தீர்மானித்தது. 2020இல் அத்தீர்மானத்தைத் திருத்தி, கூச்சலிடல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டெனவும், கொடிய வன்முறைக்கு இவ்விளையாட்டுகளைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லையெனவும் தெளிவுபடுத்தியது. மேலும், ஆய்வுகளிற் பெரும்பாலானவை பதின்பருவத்தினரையும் இளைஞரையும் பற்றியனவே. பத்து வயதுக்குட்பட்டோர் பற்றியன மிகச் சில.

சான்று குறைவு என்பது குற்றமின்மை ஆகாது. சிறுவர் கைக்கு எதனையும் கொடுக்கலாம் என்பதும் அதன் பொருளன்று. எனினும், பண்டுராவின் பாலர் முதலிற் பின்பற்றியது தம் கண்முன் நின்ற வளர்ந்தவரையே என்பது மனங்கொள்ளத்தக்கது. திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர், வீட்டிலும் வகுப்பறையிலும் பிரம்பை ஓங்கும் கையைக் காணாதிருப்பின், அவர்தம் அக்கறை அரைகுறையானதே.