பத்திரத்தில் எழுதாத விலை

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் குறைக்கத் தொடங்கியது முதல் வீட்டுமனைச் செய்திகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல வருகின்றன. 6.50 விழுக்காடாக இருந்த வட்டி நான்கு தவணைகளில் டிசம்பருக்குள் 5.25 ஆனது, ஒவ்வொரு முறையும் மாதத் தவணை எவ்வளவு குறையும் என்று ஓர் அட்டவணை. சாமானியருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறோம் என்பது இவற்றை எழுதுவோரின் நியாயம். கணக்கில் பிழை இல்லைதான். 20 லட்சம் கடனை 20 ஆண்டுக்கு எட்டரை விழுக்காட்டில் வாங்கியவருக்கு வட்டி 7.25 ஆனால் மாதம் ஏறத்தாழ 1,550 ரூபாய் மிச்சமாகும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்த பிறகு, டிடிசிபி அங்கீகாரம், ரெரா பதிவு எண், வில்லங்கச் சான்று என்று கேட்கும் பழக்கத்தைப் பரப்பியதிலும் இச்செய்திகளுக்குப் பங்குண்டு. அதை மறுப்பதற்கில்லை. விலை என்று இவை எதைச் சொல்கின்றன என்பதில்தான் எனக்கு நெடுநாளாக வழக்கு.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதியை எடுத்துக்கொள்வோம். செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் மனை விலையை உள்ளூர்ச் சம்பளம் தீர்மானிப்பதில்லை. ஆந்திரம், தெலங்கானா, பெங்களூரு, சென்னை என்று வெளியிலிருந்து வரும் பக்தர்களின் பணம் தீர்மானிக்கிறது. சுற்றுலா விசாவில் வந்து தங்கும் வெளிநாட்டவருக்கு மனை வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை, ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகையோடு சரி. அவர்கள் ஏற்றிவிடுவது வாடகையை. கையில் பணத்தோடு வருபவருக்கு ரெப்போ ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? வங்கியை நம்பியிருப்பவர் அதே தெருவில் கால்வைக்க நினைக்கும் உள்ளூர் ஆசிரியரும் போக்குவரத்துக் கழக ஊழியரும்தான். அவர்களுக்கு வங்கி கடன் தருவதோ பத்திரத்தில் எழுதும் தொகையைப் பார்த்து. அந்தத் தொகை, பதிவுக்கென அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதப்படுவதும், அதற்கு மேற்பட்டது ரொக்கமாகக் கைமாறுவதும் தமிழ்நாடெங்கும் தெரிந்த வழக்கம். மனைச் செய்தி படிப்பவருக்குத் தெரியும், எழுதுபவருக்கும் தெரியும். செய்தியில் மட்டும் அது இருக்காது.

இந்த மௌனம் எவ்வளவு செலவு வைக்கிறது என்பதற்கு 2017 ஜூன் போதும். அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. மனை வாங்குவோருக்கு நிம்மதி என்று பேசப்பட்டது. கூடவே பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆனது. 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 8 விழுக்காடு 11 ஆயிற்று. 15 லட்சம் மதிப்புள்ள மனைக்கு முன்பு 1,20,000 ரூபாய் கட்டியவர், மதிப்பு 10,05,000 ஆனபின் 1,10,550 கட்டினார். மிச்சம் 9,450 ரூபாய். ஆனால் விற்பவர் கேட்கும் விலை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. குறைந்தது பத்திரத் தொகை. அதில் 80 விழுக்காடு வங்கிக் கடன் என்று தாராளமாகவே வைத்தாலும், 12 லட்சம் கிடைத்த இடத்தில் 8,04,000தான் கிடைக்கும். விடுபட்ட நான்கு லட்சத்தை நகையை வைத்தோ, நூற்றுக்கு இரண்டு வட்டிக்கோ புரட்ட வேண்டும். இரண்டு வட்டி என்றால் மாதம் 8,000 ரூபாய். மாதம் 1,550 மிச்சம் என்று அட்டவணை போடுகிறவர்கள் இந்த 8,000-ஐ எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பி, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தபோது செய்தியில் ஓங்கி ஒலித்த சொல் 'சுமை'. கூடுதலாகக் கட்ட வேண்டிய 24,450 ரூபாயைக் கண்ட கண்ணுக்குத் திரும்பக் கிடைத்த கடன் தகுதி தெரியவில்லை.

மதிப்பு ஏறினால் ஏழைதானே கூடுதலாகக் கட்டுகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக் கடன் கணக்கிட ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. 7-உம் 2-உம் சேர்ந்த 9 விழுக்காட்டையும் கைக்காசிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படியானால் விழுக்காட்டைக் குறை என்று எழுதட்டும். மதிப்பைக் குறைப்பதைக் கொண்டாடுவானேன்? ரொக்க விலைக்குச் செய்தியாளர் ஆதாரத்துக்கு எங்கே போவார் என்பது அடுத்த சமாதானம். எங்கும் போக வேண்டாம். தெருவாரியான வழிகாட்டி மதிப்பு பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. 'ரமணாசிரமம் அருகே, சதுர அடி இவ்வளவு' என்று விற்பவர் சொல்வதை அச்சிடும்போது அதையும் பக்கத்தில் போட்டால் போதும், வாசகர் கழித்துக்கொள்வார். போடாததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். பக்கத்தைப் புரட்டினால் முழுப்பக்க மனை விளம்பரம் இருக்கிறது.

வாங்கி முடித்தவரையும் குறைத்து எழுதிய பத்திரம் விடுவதில்லை. 40 லட்சம் கொடுத்து 15 லட்சத்துக்குப் பத்திரம் எழுதியவர், பின்னாளில் அதே 40 லட்சத்துக்கு முழுத் தொகையையும் வங்கி வழியாகப் பெற்று விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காசு லாபமில்லை. வருமான வரித்துறைக்கோ 25 லட்சம் மூலதன ஆதாயம், 12.5 விழுக்காட்டில் வரி 3,12,500 ரூபாய். சாலைக்கு நிலம் எடுத்தாலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பார்ப்பது வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துப் பத்திரங்களின் சராசரியையும்தான். குறைத்து எழுதியவர் அடுத்த வீட்டுக்காரரின் இழப்பீட்டையும் சேர்த்தே குறைத்திருக்கிறார்.

2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை. நல்ல நோக்கம், வரவேற்பும் கிடைத்தது. 10 லட்சத்துக்குச் சலுகை 10,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு அந்த வரம்புக்குள் இருக்கும் தெருக்களில், உண்மை விலை எதுவானாலும் பத்திரத்தை 10 லட்சத்துக்குள் நிறுத்த இது இன்னொரு காரணம். பெண் பெயரில் எழுதும் அந்தப் பத்திரத்துக்குப் பின்னாளில் வரும் வரி நோட்டீசும் அவர் பெயருக்கே வரும்.