தராசில் நிற்கும் உடல்: ‘சார்பட்டா பரம்பரை’ பற்றிய ஒரு நோக்கு

பா. ரஞ்சித் இயக்கி 2021 யூலையில் இணையவழி வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ தமிழகத்திலும் இலங்கையிலும் பரவலான கவனிப்பைப் பெற்ற திரைப்படமாகும். எழுபதுகளின் வடசென்னை, அங்கு வேரூன்றியிருந்த ஆங்கிலக் குத்துச்சண்டை, அதனைப் பேணிய பரம்பரைகள், 1975இல் பிறந்த அவசரகாலநிலை, 1976 சனவரி 31இல் நிகழ்ந்த தி.மு.க. ஆட்சிக் கலைப்பு ஆகியவற்றை ஒரே கதைப்புலத்தில் இணைத்தமை அதன் சிறப்பு. அப்படத்தின் சாதி, கட்சி அரசியல்கள் பற்றி நிறையவே பேசப்பட்டுள்ளது. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அவற்றோடு நெருங்கிய உறவுடைய பிறிதொரு பொருளாகும். அது கதாநாயகன் கபிலனின் உடல்.

துறைமுகத்தில் கூலிவேலை செய்யும் கபிலன், இரங்கன் வாத்தியாரின் சார்பட்டாப் பரம்பரைக்காக மேடையேறுகிறான். டான்சிங் ரோஸ் என்னும் வல்லவனை வீழ்த்துகிறான். இடியப்பப் பரம்பரையின் வேம்புலியையும் வெல்லும் தறுவாயிற் கலவரம் மூள்கிறது, மேடையிலேயே அவன் மானபங்கப்படுத்தப்படுகிறான், வாத்தியார் கைதாகிறார். சிறை, கள்ளச்சாராயத் தொழில், குடி என அவன் வாழ்வு சரிகிறது. கட்டுடல் தளர்ந்து தொந்தி விழுகிறது. ஈற்றிற் பீடி இராயப்பன் என்னும் பழைய வீரனிடம் கடற்கரையிற் பயின்று, உடல் இறுகப்பெற்று, வேம்புலியை வெல்கிறான்.

இக்கதையோட்டத்திற் கபிலனின் உடல் ஒரு மொழியாகவே தொழிற்படுகின்றது. இறுகிய வயிறு மானத்தின் குறி. சரிந்த வயிறு வீழ்ச்சியின் குறி. வசனம் எதுவுமின்றியே இதனைப் பார்வையாளர் விளங்கிக்கொள்கின்றனர். நடிகர் ஆர்யா இவ்விரு நிலைகளையும் தம் மெய்யிலே காட்டுதற்கு மேற்கொண்ட உழைப்பு பாராட்டற்குரியதே. ஆயின் விமரிசனத்தின் கேள்வி அத்துடன் நின்றுவிட முடியாது. உடலின் நிறைக்கும் அதன் தகுதிக்கும் உள்ள உறவு இத்துணை எளிதானதா? வயிற்றைப் பார்த்து வாழ்வை மதிப்பிடலாம் என்னும் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

கபிலன் எந்த நிறைப்பிரிவைச் சேர்ந்தவன் என்பதைப் படம் பெரிதுபடுத்துவதில்லை. பரம்பரையின் மானமே அங்குப் பெரிது. ஆகவே நிறை பற்றிய கேள்விக்கு விடைகாண, குத்துச்சண்டையின் அதிபாரப் பிரிவை நோக்குதல் பொருத்தமாகும். ஏனைய பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் மேலெல்லை உண்டு. அதனைத் தாண்டாதிருக்க வீரர்கள் உணவைக் குறைத்தும் நீரைத் தவிர்த்தும் தம்மை வருத்திக்கொள்வர். தொழில்முறைப் போட்டிகளில் இன்று 200 இறாத்தலுக்கு மேற்பட்டோர் அதிபார வீரர். அவர்க்கு மேலெல்லை எதுவுமில்லை. அவர்களும் தராசில் ஏறுகின்றனர். எனினும் தராசு அவர்களைத் தடுப்பதில்லை. எத்துணை நிறையோடு மேடையேறுவது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். நிறை கூடினால் அடியின் வலிமை கூடலாம். இறுகப் பிடிக்கும்போது எதிரியின் மேற் சாய்ந்து அவனைக் களைப்படையச் செய்யலாம். ஆனால் அந்நிறையைச் சுற்றுக்கு மூன்று நிமிடமாகப் பன்னிரண்டு சுற்றுக்கள் சுமந்து திரிய வேண்டியவரும் அவரே. மூச்சும் கால்களும் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும்.

இதன் நுட்பத்தை இரு வீரர்களின் வரலாறு தெளிவாக்குகின்றது. 1974 ஒக்ரோபர் 30இற் கின்சாசா நகரில் முகம்மது அலியும் ஜோர்ஜ் போர்மனும் மோதினர். அலியின் நிறை 216½ இறாத்தல். போர்மனின் நிறை 220. கயிற்றிற் சாய்ந்து அடிகளைத் தாங்கி, போர்மனைக் களைக்கவிட்டு, எட்டாஞ் சுற்றில் அவரை வீழ்த்தினார் அலி. ஆறாண்டுகளின் பின், 1980இன் தொடக்கத்திற் சென்னைக்கு வந்த அலி ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியொன்றில் மோதினார். வடசென்னையின் குத்துச்சண்டை இரசிகர்கள் இன்றும் நினைவுகூரும் நிகழ்ச்சி அது. அவ்வாண்டிலே 250 இறாத்தலையும் தாண்டியிருந்த அவரது உடல், ஒக்ரோபர் 2ஆம் நாள் லரி ஹோம்சை எதிர்கொண்டபோது 217½ இறாத்தலுக்கு இறங்கியிருந்தது. கண்டோர் பழைய அலி மீண்டுவிட்டார் என மகிழ்ந்தனர். ஆனால் அவ்வழகிய மேனி தைரொயிட் மருந்தினாலும் நீரிழப்பினாலும் பெறப்பட்டது. பத்தாஞ் சுற்றின் முடிவில் அவர் தரப்பினரே போட்டியை நிறுத்தினர். கின்சாசாவில் வென்ற உடலுக்கும் இங்குத் தோற்ற உடலுக்கும் நிறையிலுள்ள வேறுபாடு ஓர் இறாத்தல் மட்டுமே.

போர்மனின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. பத்தாண்டுகள் களத்தைவிட்டு விலகியிருந்த அவர் 1987இல் மீண்டு வந்தபோது அவரது பருமன் எள்ளி நகையாடப்பட்டது. 1994 நவம்பர் 5இல், தமது 45ஆவது வயதில், 250 இறாத்தல் நிறையோடு மைக்கல் மூரரைப் பத்தாஞ் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தை அவர் மீண்டும் வென்றார். இளமையிலே 220 இறாத்தல் உடலோடு விரைந்து அடித்துக் களைத்தவர், முதுமையிலே முப்பது இறாத்தலை மேலதிகமாகச் சுமந்தபடி, தம் வேகத்தைத் தாமே அளந்து செலவிடக் கற்றிருந்தார்.

இவ்வாறு கூறுவதால் நிறை ஒரு பொருட்டன்று என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. 2019 யூன் 1இல் 268 இறாத்தல் நிறையோடு அந்தனி ஜோசுவாவை வீழ்த்திய அன்டி ரூயிஸ், டிசம்பர் 7ஆம் நாள் மறுபோட்டிக்கு வந்தபோது 283 இறாத்தலைத் தாண்டியிருந்தார். ஜோசுவாவோ 237 இறாத்தலுக்குக் குறைந்திருந்தார். புள்ளிகளால் தோற்ற ரூயிஸ், தாம் உரியவாறு பயிற்சி செய்யவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். யூனில் அவரைப் பருமனானவர் என்று சிரித்தோர் பிழைபட்டனர்; டிசம்பரில் அவ்வாறே சிரித்தோர் பிழைபடவில்லை. எனவே நிறை என்பது ஒரு தடயம். அதற்கு முந்திய மாதங்களில் அவ்வுடலுக்கு என்ன நேர்ந்தது என்று வினவும்போதே அத்தடயம் பொருள் பெறுகின்றது. என்ன உண்டான், எங்கே உறங்கினான், யார் பயிற்றினார், பயிலுதற்கு நேரம் யார் கொடுத்தார் என்பனவே வினாக்கள்.

சார்பட்டா பரம்பரையின் முற்பகுதி இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருக்கின்றது. துறைமுக உழைப்பு கபிலனுக்குத் தோள்வலியைத் தந்திருக்கலாம். அதனால் மட்டும் அவன் குத்துச்சண்டை வீரனாகிவிடவில்லை. அவனை வீரனாக்கியது பரம்பரை. வாத்தியார், கூடப் பயில்வோர், களம், கண்டிப்பு, ஊராரின் பெருமிதம் ஆகியன சேர்ந்த நிறுவனம் அது. ஏழை ஒருவனின் உடலுக்கு நேரத்தையும் கவனிப்பையும் அது ஒதுக்கிக் கொடுத்தது. அரசியல் நெருக்கடி அந்நிறுவனத்தைச் சிதைத்ததும் அதிற் பொருந்தியிருந்த உடலும் சரிகின்றது. தர்க்கரீதியான, வலிமைமிக்க அமைப்பு இது.

பிற்பகுதியிலோ படம் தன் தர்க்கத்தைத் தானே கைவிடுகின்றது. சரிவின் பழி முழுவதும் சாராயத்தின் மேலும் கபிலனின் மனவுறுதியின்மை மேலும் விழுகின்றது. தொந்தி ஒரு குற்றச்சாட்டாக மாறுகிறது. அவ்வாறே மீட்சியும் இசையோடு விரைந்தோடும் சில காட்சிகளுக்குள் நிறைவேறிவிடுகிறது. குடியினால் நைந்த உடல் மூச்சைத் திரும்பப் பெறுதற்கு எடுக்கும் நீண்ட காலமும், அக்காலத்தில் அவனுக்கும் குடும்பத்துக்கும் சோறு போடுவோர் யார் என்ற கேள்வியும் மறைந்துபோகின்றன. அலியின் 217½ இறாத்தல் கண்களை ஏமாற்றியது போலவே, இறுகிய வயிற்றின் காட்சியும் பார்வையாளரைத் திருப்திப்படுத்திவிடுகிறது.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். கபிலன் தனியே மீளவில்லை. தாய் பாக்கியமும் மனைவி மாரியம்மாவும் அவனைத் தூக்கி நிறுத்துகின்றனர். இராயப்பனோ கடலும் மீனும் சார்ந்த உழைப்பையே பயிற்சியாக்குகிறார் என்பர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. மாரியம்மாவின் பாத்திரம் தமிழ்த்திரையின் வழக்கமான மனைவியரை விட உயிர்ப்புமிக்கது. எனினும் சிதைந்த நிறுவனத்தின் இடத்தை இங்குக் குடும்பப் பாசம் நிரப்புகின்றது. பரம்பரை எவ்வாறு மீளக் கட்டப்பட்டது என்பது பின்தள்ளப்பட்டு, ஒருவனின் திடமே முன்னிறுத்தப்படுகின்றது. சமூகக் காரணத்தால் விழுந்தவன் தன்முயற்சியால் எழுந்துவிட்டான் என்றால், எழாதோர் யாவரும் முயலாதோர் என்றாகிவிடும்.

இவ்விடத்தில்தான் இப்படம் பலாங்கொடைப் பகுதியின் தோட்டப்புறங்களில் வளர்ந்த வாசகர்க்கு நெருங்கிய பொருளாகின்றது. எமது மக்களின் வாழ்விலும் தராசு உண்டு. அது கொழுந்தை நிறுக்கின்றது. பைக்கும் ஈரத்துக்கும் கழிவு போனபின் எஞ்சும் கிலோ, நாட்கணக்குக்குக் குறைந்தால் அரைப்பேர். கொழுந்தின் நிறை ஒவ்வொரு நாளும் பதியப்படுகிறது. அதனைச் சுமந்து மலையிறங்கும் உடலின் நிறையைப் பற்றி அத்தராசுக்குக் கவலை இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். குத்துச்சண்டை மேடையைக் காணுமுன்னரே தோற்கடிக்கப்பட்ட உடல்கள் இவை.

இதற்குக் காரணம் கேட்டால் எளிதாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு: ‘தோட்டத்தார் குடித்தே கெட்டுப்போகிறார்கள்.’ குடியினால் இலயங்களில் விளையும் கேடு மெய்யானது; அதனை, சிறப்பாக அதன் சுமையைத் தாங்கும் பெண்களின் துயரை, மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் சம்பளம், உணவு, ஓய்வு, இருப்பிடம் ஆகிய அனைத்தையும் ஒதுக்கிவைத்துப் போத்தலை மட்டும் சுட்டும் விரல், விளைவைக் காரணமாகக் காட்டும் விரலாகும். சார்பட்டாவின் பிற்பகுதி, தன்னை அறியாமலே, அவ்விரலுக்குத் துணைபோகின்றது.

ஒடுக்கப்பட்டோரின் உடலைத் தமிழ்த்திரையின் நடுவே கம்பீரமாக நிறுத்திய படைப்பு என்றவகையிற் சார்பட்டா பரம்பரை முக்கியமானது. அதனாலேயே அதன் குறையையும் கண்டிப்போடு நோக்க வேண்டியுள்ளது. கபிலனின் தொந்தியை அவனது பலவீனத்தின் சின்னமாகக் காணும்போது நாம் தராசின் முள்ளை மட்டுமே பார்க்கின்றோம். அவனிடமிருந்து களத்தையும் வாத்தியாரையும் பறித்தோரையும் அத்தராசில் ஏற்றும்போதே அவ்வுடலின் மெய்யான நிறை நமக்குப் புலப்படும்.