தலை போன குழம்பு

எந்தச் சமையல் புத்தகத்தை வேண்டுமானாலும் புரட்டுங்கள். இறால் குழம்பு என்றால் முதல் வரியே ‘தலை, ஓடு நீக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும்’தான். அப்புறம் மசாலா பற்றி ஒரு பக்கம். நீக்கியது எங்கே போச்சு? மூச்! காசு கொடுத்து வாங்கியதில் கிட்டத்தட்ட பாதி சார், அது.

உறுவையாற்றில் நண்பர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. அவருடைய அம்மா கண்ணையும் கொம்பையும் மட்டும் நறுக்கிவிட்டு, தலைகளை ஓட்டோடு எண்ணெயில் வதக்கினார். சாம்பல் நிறம் செக்கச்செவேல் ஆனது. (புரதத்தோடு ஒட்டிக் கிடக்கும் அஸ்டாஸாந்தின் என்கிற நிறமி சூட்டில் விடுபடுகிறது. அது கரைவது எண்ணெயில், தண்ணீரில் அல்ல.) பிறகு தண்ணீர் ஊற்றி 20 நிமிஷம் கொதி, வடிகட்டல். அந்தச் சாறில்தான் புளியே கரைத்தார்.

“தலையத் தூக்கிப் போட்டுட்டா எறா கொழம்பு எங்கருந்துப்பா மணக்கும்?”

மறுநாள் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர் வைத்த ஓர் ஓட்டலில் ‘பிஸ்க்’ கேட்டேன். ஓட்டை வதக்கிச் சாறெடுக்கிற சூப்தான் பிஸ்க். கெட்டியாக்க அரிசி என்று 1903-லேயே எஸ்காஃபியே எழுதிவைத்தார். எனக்கு வந்தது கார்ன்ஃப்ளார் கஞ்சி. மேலே நாலு உரித்த இறால். வாசனை? மிளகுத்தூளுடையது.

பழைய இறாலில் முதலில் கெடுவது தலைதான். ஜீரண உறுப்பு அங்கேதான் இருக்கிறது. கறுத்தோ நாறியோ இருந்தால் தாராளமாகக் குப்பைக்கு. இதையும் எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. அடுத்த பதிப்பில் ‘நீக்கி’க்குப் பக்கத்தில் ‘தனியே எடுத்துவைத்து’ என்று சேர்க்கலாம். அரை வரிதான்.