பெயரில் தொலைந்த கிருமி

குறிப்பு எடுக்கறதுக்காக ஒரு பழைய கட்டுரையை மறுபடி எடுத்தேன். 1912-இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் எழுதியது. ரங்கூனில் பிரேதப் பரிசோதனை செய்தபோது கண்ட புது நோய் ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று எங்கே பார்த்தாலும் சீழ். இறந்தவர்களில் பெரும்பாலோர் மார்ஃபியா ஊசிக்கு அடிமையானவர்கள்.

குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்று எழுதி அப்போதே மூடியிருக்கலாம். அவ்வளவு ஒற்றுமை. இவர்கள் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நகர்ந்தது. அகரில் சீக்கிரம் வளர்ந்து சுருக்கம் விழுந்தது. அப்ப இது வேற என்று முடிவு செய்தார்கள். கட்டுரையின் பலமே இந்த நிதானம்தான்.

என் புகார் பின்னால் வந்த பெயர்கள் மேல். ‘மார்ஃபியா ஊசிக்காரர்களின் செப்டிசீமியா’ என்றார்கள். பழி ஊசிமேல் விழுந்தது. ‘விட்மோர் நோய்’ என்றார்கள். கிருஷ்ணசாமி காணாமல் போனார். 1921-இல் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் ‘மெலியோய்டோசிஸ்’ என்று வைத்தார்கள். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயின் கிரேக்கப் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. ஊசி, துரை, கழுதை எல்லாம் பெயரில் வந்தாச்சு. கிருமி நிஜமாகவே வாழும் சேறும் தண்ணீரும் மட்டும் வரவில்லை.

இன்றைக்கு இதற்கு இன்னொரு பெயர் உண்டு: ‘சூடோமோனாஸ் வகை, மாசாக இருக்கலாம்’. என் சித்தப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் இதுதான் இருந்தது. சர்க்கரைக்காரர். ஐப்பசி மழையில் வயலில் நின்றவர். காய்ச்சல் வந்த நாலாம் நாள் போய்விட்டார். தாள் ஐந்தாம் நாள் வந்தது. அவருக்கு வந்தது மெலியோய்டோசிஸ்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மேற்கொண்டு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்காததுதான் என் ஆத்திரம்.

சந்தேகப்பட பெரிய கருவி எதுவும் வேண்டாம். கிராம் சாயத்தில் சிவப்புக் குச்சிகள், சிலது இரு முனையிலும் மட்டும் சாயமேறி ஊக்கு மாதிரி. ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ். ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் மசியாது, கோ-அமாக்ஸிகிளாவுக்குப் பெரும்பாலும் மசியும். இத்தனையும் ஒரே தாளில் சேர்ந்து வந்தால், ‘மாசு’ என்று எழுதப் போகும் கை ஒரு நிமிஷம் நிற்கணும். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஒரு உயிரின் விலை உண்டு. 1989-இல் ‘லான்செட்’டில் தாய்லாந்திலிருந்து வந்த ஆய்வு, செஃப்டாசிடிம் கொடுத்தால் கடுமையான மெலியோய்டோசிஸில் சாவு பாதியாகக் குறைகிறது என்று காட்டியது. மருந்து இருக்கு, கிருமியின் பெயர் தெரிந்தால்தான் அது கைக்கு வரும்.

2016-இல் வந்த ஒரு மதிப்பீடு, உலகில் வருஷத்துக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்கிறது. அதில் தெற்காசியாவின் பங்கு ஏறக்குறைய பாதி. அப்படியும் நான் புரட்டிய பாடநூல்களில் இது கடைசிப் பக்கத்து அபூர்வ நோய். அபூர்வம் என்று எழுதினால் தேட மாட்டார்கள். தேடாவிட்டால் அபூர்வமாகவே இருக்கும்.

ரங்கூனில் அந்த இருவரிடமும் இருந்தது ஒரு நுண்ணோக்கியும் கொஞ்சம் அகரும் பிடிவாதமும். முதல் இரண்டும் இப்ப நம்மகிட்டயும் இருக்கு.