பயணக் கட்டுரைகளில் நம் பார்வை

தமிழில் பயண இலக்கியம் என்றதும் ஏ.கே. செட்டியாரின் பெயரே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அவர் கண்ட ஊர்களோடு அங்கு வாழ்ந்த மனிதர்களும் அவர் எழுத்தில் இடம்பெற்றனர். அம்மரபை அறிந்த நாம், மலேசியாவிலிருந்து தமிழகம் சென்று திரும்புவோரின் கட்டுரைகள் பலவற்றைப் படிக்கும்போது ஏமாற்றமே அடைகிறோம்.

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஒருவர் சென்னைக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். அவர் கட்டுரையில் புனித ஜார்ஜ் கோட்டை வரும். அதனுள் 1680இல் எழுந்த புனித மேரி தேவாலயம் வரும். 1892இல் திறக்கப்பெற்ற உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள் வரும். ஒவ்வொன்றின் பின்னும் 'கண்கொள்ளாக் காட்சி' என்னும் தொடரும் வரும். இவற்றில் பிழை ஏதுமில்லை. ஆயினும், இலண்டனிலிருந்து வந்த ஒருவரும் இதனையே எழுதியிருக்கக் கூடும். சிரம்பானுக்கு அருகே பால்மரம் சீவிய தாயின் மகன் எழுதியது என்பதற்கு அதில் அடையாளம் எங்கே?

அக்கோட்டை நமக்கு வெறும் காட்சிப் பொருள் அன்று. சென்னை மாகாணம் அங்கிருந்தே ஆளப்பட்டது. அம்மாகாணத்துச் சிற்றூர்களிலிருந்தே நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிகள் வாயிலாகவும் மலாயாவிற்கு வந்தனர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறியோர் பலர். ஒப்பந்த முறை 1910இல் நின்றது. கங்காணி வழி ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. கோட்டையின் அழகை எழுதும் பேனா இதனையும் எழுத வேண்டாமா?

நாகப்பட்டினத்தை நம் பயணிகள் பெரும்பாலும் கோயில் வழிபாட்டிற்குச் செல்லும் வழியிலேயே கடந்துவிடுகின்றனர். போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658இல் கைப்பற்றிய ஊர் அது. 1781இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள மலாக்காவும் போர்த்துக்கீசியரிடமிருந்து 1641இல் டச்சுக்காரரிடம் சென்று, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயரைச் சேர்ந்தது. மலாக்காவின் சிவந்த டச்சு மாளிகையைக் கண்ட தம்பின் மாணவன், கடலின் இரு கரையிலும் ஒரே வரலாறு நடந்ததை எளிதில் உணர்வான். இவ்வாறு ஒப்புநோக்கும் வாய்ப்பு நமக்கே உரியது. அதனை நாம் பயன்படுத்தவில்லை.

அகிலன் இங்கு வந்து சென்றபின் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவல், தோட்டத் தொழிலாளர் வாழ்வையே பொருளாகக் கொண்டது. விருந்தினராக வந்தவர் நம் மக்களைக் கண்டார். நாம் அங்குச் சென்று கட்டடங்களை மட்டும் காண்பது முறையாகுமா?

ஆகவே, பயணக் கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியர்கள் மாணவரிடம் முதலில் ஒன்றைக் கேட்கலாம்: "உன் பாட்டனார் எந்தத் துறையில் கப்பலேறினார்?" நாகையிலிருந்து பினாங்கிற்கு 'ரஜுலா' கப்பலில் வந்தவர்கள் இன்று மிகச் சிலரே. நம் மாநிலத்துத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்களும் மறைந்துவிட்டன. அந்நினைவுகளும் மறையுமுன் அவற்றைக் கேட்டறிந்து செல்பவரே கோட்டையின் முன் நின்று நமக்குரிய கட்டுரையை எழுத வல்லவர்.