நீலம் இனங்காட்டுமா?

சிகாமட் வட்டாரத் தோட்டப்புறங்களில் மழைக்குப்பின் முளைப்பனவற்றையெல்லாம் 'நாய்க்குடை' என்று தமிழர் ஒரே சொல்லில் ஒதுக்குவர். வெப்பநாடெங்கும் சாணத்தில் வளரும் குடைகளுள், கசக்கினால் நீலம் பாயும் போதைக் காளான் ஒன்றுண்டு. அதனை எங்கே சேர்ப்பது என்பதில் நூலோரும் தடுமாறியே வந்துள்ளனர்.

இலங்கையில் துவைட்ஸ் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு பெர்க்கிலியும் புரூமும் 1871-இல் அதனை அகாரிக்கஸ் பேரினத்தில் வைத்தனர். 1887-இல் சக்கார்டோ பனையோலசுக்கு மாற்றினார். 1951-இல் சிங்கர் கோப்லாண்டியாவுக்குக் கொண்டுபோனார். செவுளில் தடித்த சுவருள்ள உயிரணுக்கள், நீலமாகும் தன்மை ஆகிய இரண்டுமே இத்தனிப் பேரினத்துக்குக் காட்டப்படும் சான்றுகள்.

முன்னது ஆராயத்தக்கது. பின்னதோ சான்றாக நில்லாது. நீலத்துக்கு மூலமான சைலோசைபினை ஆப்மன் 1958-இல் பிரித்தெடுத்தது வேறொரு குடும்பத்துக் காளானிலிருந்து. அதனை ஆக்கும் மரபணுத் தொகுதி இனம்விட்டு இனம் தாவியிருக்கிறது என 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இரவல் நகையைக் கொண்டு குலம் காண்பதா? அப்பொருளே இல்லாத சில போலட்டசுக் காளான்களும் வெட்டினால் நீலமாகின்றனவே! மரபணு ஒப்பீட்டின்பின் பலர் பனையோலசுக்கே திரும்பியது தக்கதாகும்.

இது வெறும் பெயர்ப்பூசல் அன்று. 'போதைக் காளான்' என்பதை ஓர் இனப்பெயர்போல் ஏடுகள் வழங்குவது கேட்டுக்கு இடமாகும். சைலோசைபி என நம்பிக் காலெரினாவைத் தின்று இறந்தவர் அமெரிக்காவில் உண்டு. வித்துத்துகளை நோக்கியிருந்தாலே வேறுபாடு புலப்பட்டிருக்கும்: சைலோசைபியினது ஊதாப்பழுப்பு, காலெரினாவினது துருநிறம்.