ஏரிக்கு இங்கிலீஷில் என்ன?

என் கதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த நண்பர், நான் ஏரி என்று எழுதிய இடத்திலெல்லாம் 'லேக்' என்று போட்டிருந்தார். வாசிக்க அழகாகத்தான் இருந்தது. கதைதான் செத்துப் போயிருந்தது.

சிறுசேரிப் பக்கத்தில் நடக்கிற கதை அது. அடைமழை இரவில், கலங்கலில் அடைத்த பலகைகளை எடுத்துவிட வேண்டிய காவற்காரன் தூங்கிப் போகிறான். கரை உடைகிறது. ஊர் அவனை மன்னிப்பதில்லை. அவ்வளவுதான். 'லேக்' என்றால் ஆங்கிலேயனுக்கு மலைகளின் நடுவே தானாகத் தேங்கிய நீர்; வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த பிரதேசத்துக்கே அதனால்தான் பேர். அது பொங்கினால் இயற்கையின் செயல். யார் மேலும் பழியில்லை. பழியில்லாவிட்டால் என் கதை ஏது?

'டாங்க்' என்று மாற்றச் சொன்னேன். நண்பர் முகம் சுளித்தார். மொட்டைமாடித் தொட்டியும், 1916-ல் போர்க்களத்துக்கு வந்த இரும்பு வண்டியும் அல்லவா ஞாபகம் வரும் என்றார். வாஸ்தவம். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரன் நம் ஏரிக்கு வழங்கிய சொல் அதுதான். 1886-ல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில், அதன் மூலம் போர்ச்சுகீசியமா, குஜராத்தியா என்று ஒரு வழக்கே நடக்கிறது. எந்த மூலமாக இருந்தால் என்ன? அவலட்சணமான சொல்தான், ஆனாலும் மனிதன் வெட்டிக் கரை போட்டது என்ற விஷயத்தை அது மறக்கவில்லை.

மதுராந்தகத்தைப் பாருங்கள். 1790-களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரி உடையப் போகிறதென்று பயந்து மழையில் போனபோது, வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்பது ஐதிகம். கோயிலில் இருப்பவர் ஏரி காத்த ராமர். லேக்குக்கு யாராவது காவல் நிற்பார்களா?

சிறுசேரியில் இன்று கம்ப்யூட்டர் ஆபீஸ்கள். அந்தப் பக்கத்து அடுக்குமாடி விளம்பரங்களில் 'லேக் வியூ' என்று எழுதுகிறார்கள். 'டாங்க் வியூ' என்றால் வீடு விற்காது! ஜன்னல் வழியே தண்ணீர் தெரிந்தால் போதும். கலங்கல் எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. வெள்ளம் வந்து சொல்லும் வரையில்.

நண்பர் கடைசியில் இணங்கினார். முடிவில் நிலா வருகிற இடத்தில் மட்டும் 'லேக்'தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். விட்டுக்கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் ஏரி வற்றிக் கிடக்கிறது.